சாம்பாரில் இருக்கும் பருப்பு எவ்வளவு?

"நம்ம வீட்ல சாம்பார் வைக்காத நாள் எது? இவங்க என்னமோ புதுசா பருப்பு சாப்பிடுங்கன்னு எழுதிக் குடுக்குறாங்க" என்றார் சித்தி. அவர் கையில் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுப் பட்டியல் ஒன்று இருந்தது. அச்சடித்த அந்தத் தாளில் 'பருப்பு, பயறு வகைகளைத் தினமும் சேர்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. அதற்கு நேரே பேனாவால் ஒரு டிக். எவ்வளவு, எந்த வகை, எதற்குப் பதிலாக என்று ஒன்றும் இல்லை. உணவு ஆலோசகர் அந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்து நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசப் போய்விட்டாராம். சித்தி கேட்டதில் நியாயம் இருந்தது. மன்னார்குடிப் பக்கத்து வீடு அது. திங்கள் முதல் சனி வரை ஏதாவது ஒரு சாம்பார், இல்லாவிட்டால் கூட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறிக்குழம்பு. இப்படிப் பருப்போடு வாழ்கிற ஒருவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல்லும் இறங்கவில்லை என்றால், பருப்பு நல்லது என்று சொல்வதற்கு என்னதான் பொருள்?

இந்தக் கேள்வி அவரோடு நிற்பதில்லை. உலகிலேயே மிக அதிகமாகப் பருப்பு விளைவிக்கும் நாடும் மிக அதிகமாகச் சாப்பிடும் நாடும் இந்தியாதான். அதே இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. கோவா, புதுச்சேரி, கேரளம் ஆகிய மூன்றிலும் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. புதுச்சேரியிலும் கேரளத்திலும் சாம்பார் தெரியாத வீடு கிடையாது. பருப்பு மருந்து மாதிரி வேலை செய்யும் என்றால் இந்த வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆய்வுகளைப் புரட்டினால் பயறு வகைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஆய்வு அரிது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது எனக்குப் பிடிபடாமலே இருந்தது.

டொராண்டோவில் கொடுத்த அளவு

இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் பெயர் டேவிட் ஜென்கின்ஸ். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். ஓர் உணவு எவ்வளவு வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை எண்ணால் காட்டும் கிளைசீமிக் குறியீட்டை 1981இல் தம் குழுவினரோடு சேர்ந்து முன்வைத்தவர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, மற்ற மாவுச்சத்து உணவுகளைக் காட்டிலும் உலர்ந்த பயறு வகைகள் சர்க்கரையை வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக ஏற்றுவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். இன்றைய பட்டியல்களில் கொண்டைக்கடலை 30ஐ ஒட்டி நிற்கிறது. கடலைப்பருப்பு அதற்கும் கீழே. நம் பக்கத்துப் பொன்னி அரிசியைச் சென்னையில் அளந்தபோது 70 வந்தது, சோனா மசூரிக்கு 72. இடைவெளி இவ்வளவு பெரிது.

ஆனால் குறியீடு ஓர் ஆய்வகத்துக் காலை வேளையின் எண்ணிக்கைதான். நோயாளி மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 121 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தினமும் குறைந்தது ஒரு கோப்பை, அதாவது வேகவைத்த நிலையில் 190 கிராம் பயறு சாப்பிட வேண்டும். மற்றவர்கள் முழுக் கோதுமை உணவுகளின் வழியாக நார்ச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து, பயறு சாப்பிட்டவர்களுக்கு, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.5 புள்ளி குறைந்தது. கோதுமைப் பிரிவுக்கு 0.3. பயறுப் பிரிவில் மேல் இரத்த அழுத்தமும் கூடுதலாக 4.5 புள்ளி இறங்கியது. 0.2 புள்ளி வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். ஒப்பிட்டது மைதாவோடு அன்று, ஏற்கெனவே நல்லதென்று பெயரெடுத்த முழுக் கோதுமையோடு என்பதை மறக்கக் கூடாது. இவர்கள் எல்லாரும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதையும்தான்.

எனக்கு அந்த ஆய்வில் சிக்கிக்கொண்டது முடிவன்று, அளவு. வேகவைத்த 190 கிராம் என்பது உலர்ந்த நிலையில் சுமார் 75 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குப் பருப்பு வகைக்கென்று நாளொன்றுக்கு 85 கிராம் ஒதுக்குகிறது. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பகுதியை அவற்றுக்குக் கொடுக்கலாம். ஐதராபாத்தும் டொராண்டோவும் வெவ்வேறு வழிகளில் வந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்த 75 கிராம் நம் தட்டில் எங்கே இருக்கிறது?

மத்தின் மேல் விழுந்த சந்தேகம்

அளவைப் பார்ப்பதற்கு முன் எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. டொராண்டோவில் கொடுத்தவை முழுதாக வெந்த கடலையும் பீன்ஸும் மசூரும். நாமோ துவரம்பருப்பைத் தோலெடுத்து உடைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு, மத்தால் மசித்து, புளித்தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். பயறின் நன்மை அதன் கட்டமைப்பில்தான் இருக்கிறது என்கிறார்கள். பயறு மாவுச்சத்தில் மெதுவாகச் செரிக்கும் அமைலோஸ் பங்கு அரிசியில் உள்ளதை விட அதிகம். அதோடு அந்த மாவுச்சத்து வெறுமனே கிடப்பதில்லை; ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கெட்டியான சுவருக்குப் பின்னால் இருக்கிறது. வெந்த கொண்டைக்கடலை ஒன்றைத் தோல் உரித்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் பசையாகாமல் மணல் மணலாக உதிருமே, அந்தத் துகள்களில் பெரும்பாலானவை உடையாத செல்கள். வேகும்போது செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் கரைந்து அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றனவே தவிர, சுவர் கிழிவதில்லை. செரிமான நொதி அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போவதற்குள் உணவு சிறுகுடலில் வெகுதூரம் போய்விடுகிறது. மத்தால் கடைந்தால் இந்தச் சுவர் உடைந்துபோகும், சாம்பார் சோற்றைப் போலவே வேகமாகச் சர்க்கரையாகும், குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

மத்தைத் தண்டிக்க ஆதாரம் தேடிய இடத்திலேயே அது விடுதலை ஆனது. 1982இல் ஜென்கின்ஸ் குழுவினர் மசூரை நான்கு விதமாகச் சமைத்து ஆரோக்கியமானவர்களுக்குக் காலையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது நிமிடம் வேகவைத்தது. அதையே கூழாக அரைத்தது. ஒரு மணி நேரம் வேகவைத்தது. கடைசியாக, அரைத்த கூழை 120 டிகிரிச் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் உலர்த்தியது. முதல் மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மூன்றுமே ரொட்டியை விடக் குறைவாகத்தான் சர்க்கரையை ஏற்றின. உலர்த்திய நான்காவதுதான் மேலே ஏறியது. ஆக, நன்றாக வேகவைப்பதாலும் கடைவதாலும் பருப்பு தன் குணத்தை இழந்துவிடுவதில்லை. பொதுவாகவே, ஈரத்தில் வெந்த பிறகு மசிப்பது வேறு, காய்ந்த பயறை மில்லில் கொடுத்துத் திரிப்பது வேறு. பின்னதில் செல்களே கிழிந்து மாவுச்சத்து வெளியே கொட்டிவிடுகிறது. கடலைமாவு பஜ்ஜியையும் சுண்டலையும் ஒரே கடலை என்று கணக்கெழுத முடியாததற்கு, எண்ணெயை விட்டுவிட்டால்கூட, இந்தக் காரணம் மிச்சமிருக்கிறது. இட்லியின் சங்கதியும் பக்கத்தில்தான் வருகிறது: நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அதுவும் பச்சையாக ஊறவைத்து நைசாக அரைத்தது. உளுந்து சேர்ந்திருக்கிறது என்பதற்காக அதைப் பயறு உணவு என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான்.

தராசு வந்த நாள்

மத்து தப்பித்ததும் மிஞ்சியது ஒரே வழி, அளந்து பார்ப்பது. சித்தி வீட்டில் தீபாவளிப் பலகாரத்துக்காக வாங்கிய சிறிய எலக்ட்ரானிக் தராசு ஒன்று அலமாரி மேல் கிடந்தது. அதை இறக்கி வைத்துக்கொண்டு, எப்போதும் போலச் சமைக்கச் சொன்னேன். "இதை எடை போட்டு என்ன பண்ணப்போறே?" என்று கேட்டுக்கொண்டே அவர் எவர்சில்வர் டம்ளரில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாகத் துவரம்பருப்பை எடுத்தார். 90 கிராமுக்கு மேல் ஓரிரு கிராம். நான்கு பேருக்கான சாம்பார், இரவு இட்லிக்கும் அதிலேயே கொஞ்சம் மிச்சம் வேண்டும். பிறகு அரிசி: ஆழாக்கால் மூன்றரை. தராசு 520 கிராம் காட்டியது. அரிசியில் அவருக்குத் தயக்கமே இல்லை, தலை தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பருப்பை எடுக்கும்போது மட்டும் கடைசியில் டம்ளரைச் சாய்த்து ஒரு சிட்டிகை டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டார். பருப்பு அதிகமானால் சாம்பார் கெட்டித்துவிடும், புளிப்பு எடுபடாது என்பது அவர் கணக்கு. சமையல் கணக்கில் அது சரியும்கூட.

இலையில் வந்து சேர்ந்ததைப் பார்த்தபோதுதான் கேள்விக்கே விடை கிடைத்தது. ஒருவருக்கு 130 கிராம் அரிசி, 23 கிராம் பருப்பு. அந்த அரிசியில் மாவுச்சத்து மட்டும் சுமார் 100 கிராம். அந்தப் பருப்பில் புரதம் 5 கிராம், நார்ச்சத்து 2 கிராம். அதுவும் காகிதத்தில். சித்தி உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டியைச் சாம்பாரின் மேலாக விட்டு, தெளிவாக, முருங்கைக்காயோடு ஊற்றிக்கொள்கிறார். அடியில் தங்கும் கெட்டிப் பருப்பு மாமாவுக்கும் பிள்ளைக்கும் போகிறது. அவர் இலைக்கு வந்தது 15 கிராம் பருப்பு இருந்தால் அதிகம். தினமும் பருப்பு சாப்பிடுகிறேன் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் டொராண்டோ நோயாளி ஒரு நாளில் சாப்பிட்டதைச் சித்தி ஐந்து நாளில் சாப்பிடுகிறார். இன்னும் முக்கியமாக, டொராண்டோ நோயாளியின் தட்டில் பயறு வந்தபோது வேறு ஏதோ ஒரு மாவுச்சத்து வெளியேறியது. நம் சாம்பார் எதையும் வெளியேற்றுவதில்லை. அது சோற்றை உள்ளே தள்ளும் வேலையைச் செய்கிறது. சாம்பார் நன்றாக அமைந்த நாளில் யாரும் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டதில்லை. இன்னொரு கரண்டிதான் கேட்டிருக்கிறோம்.

நாட்டளவில் பார்த்தாலும் சித்தியின் இலைதான் தெரிகிறது. இதே இந்தியாப் ஆய்வில் 18,090 பேரின் உணவை வைத்து 2022இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம் ஆட்கள் உண்ணும் ஆற்றலில் 60 சதவீதத்துக்கும் மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் பத்து சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் வரை ஏற்றினால் நோயைப் பின்வாங்கச் செய்ய வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். புரதத்தை இரட்டிப்பாக்கச் சைவ வீட்டில் பயறை விட்டால் பாலும் பன்னீரும்தான் இருக்கின்றன.

விகிதம்தான் விஷயம் என்பதை எனக்கு உறுதிப்படுத்தியது, நமக்குத் தொலைவான கோஸ்டாரிகா. அங்கே காலையில் சோற்றையும் கருப்பு பீன்ஸையும் கலந்து 'காயோ பின்த்தோ' என்று சாப்பிடுகிறார்கள். இரண்டும் தினசரி உணவு, நம்மைப் போலவே. 2011இல் வெளியான ஆய்வொன்று அங்கே 1,879 பேரிடம் அரிசிக்கும் பீன்ஸுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தது. ஒரு பங்கு வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக ஒரு பங்கு பீன்ஸ் என்ற கணக்கில் வைத்தால், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெடும் வளர்சிதை மாற்றக் கோளாறின் ஆபத்து 35 சதவீதம் குறைவாக இருந்தது. யாருடைய உணவையும் மாற்றாமல், சாப்பிடுவதைக் கவனித்து மட்டும் பார்க்கும் வகை ஆய்வு அது. பீன்ஸ் அதிகம் சாப்பிடுகிறவர்கள் வேறு வகைகளிலும் ஒழுங்கானவர்களாக இருக்கலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2018இல் ஆளை உட்காரவைத்தே சோதித்தார்கள். தட்டிலுள்ள சோற்றில் பாதியை எடுத்துவிட்டு அந்த மாவுச்சத்துக்கு ஈடாக மசூரை வைத்தபோது சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உருளைக்கிழங்கில் செய்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 24 ஆரோக்கியமானவர்களிடம் செய்த சிறிய சோதனைதான். ஆனால் இடம் மாற்றுவதுதான் வேலை செய்கிறது என்பதை அது நேராகக் காட்டுகிறது.

எனவே சித்தி வீட்டில் பட்டியலை மாற்றவில்லை, இலையை மாற்றினோம். மதியம் சோறு பாதி. அந்த இடத்தில் கருப்புக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ முழுப் பாசிப்பயறோ சுண்டலாக, ஒரு கிண்ணம் நிறைய. 50 கிராம் கருப்புக் கடலையில் புரதம் 9 கிராமுக்கு மேல், நார்ச்சத்து 12 கிராமுக்கு மேல். தோலோடு இருப்பதால் வரும் வித்தியாசம் அது. சாம்பார் அப்படியே தொடர்ந்தது, கரண்டி மட்டும் அடிவரை போனது. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் முன்பு 220, 230 என்று வந்துகொண்டிருந்தது 180ஐ ஒட்டி வரத் தொடங்கியது. இதை ஆதாரம் என்று நான் தூக்கிப்பிடிக்கவில்லை. குளுக்கோமீட்டருக்கே 15 சதவீதம் முன்பின் போகத் தரநிர்ணயம் இடம் கொடுக்கிறது. சோறு பாதியானதே பாதிக் காரணம். ஆனால் வெறுமனே சோற்றைப் பாதியாக்கச் சொன்ன காலத்தில் சித்தி நான்கு மணிக்கே பசியென்று மிக்சர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். இப்போது அது இல்லை. பயறு அடுத்த வேளைச் சர்க்கரையையும் தணிக்கிறது என்று ஜென்கின்ஸும் அவருடைய சகா தாமஸ் வோலிவரும் எண்பதுகளில் காட்டினார்கள். இரவில் பயறு சாப்பிட்டால் மறுநாள் காலை உணவுக்குப் பிந்தைய ஏற்றம்கூடக் குறைகிறதாம். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்களுக்கு அதில் பங்கு உண்டு என்பது பெரும்பாலானோர் தரும் விளக்கம்.

கொழுப்புக் கணக்கு கொஞ்சம் சிறியது

சர்க்கரையை விடக் கொழுப்பு விஷயத்தில்தான் மிகைப்படுத்தல் அதிகம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, கொள்ளு ரசம் இரத்தக் குழாய் அடைப்பையே கரைக்கும் என்பது வரை வாட்ஸப்பில் வந்துவிட்டது. கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் வடித்து ரசம் வைத்து, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நார்ச்சத்தெல்லாம் மாட்டுக்குப் போகிறது. அந்த மாட்டின் கொழுப்பு இறங்கினால் ஆச்சரியமில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் கொழுப்பைச் செரிக்கப் பித்த அமிலங்களைச் சுரக்கிறது; அவற்றைச் செய்யும் மூலப்பொருள் கொலஸ்டிரால். வேலை முடிந்ததும் குடலின் கடைசிப் பகுதியிலிருந்து அவற்றில் பெரும்பகுதி கல்லீரலுக்கே திரும்பிவிடும். பயறில் உள்ள கரையும் நார்ச்சத்து அவற்றில் கொஞ்சத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட, கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1984இல் கொழுப்பு அதிகமுள்ள ஆண்களைக் கண்காணிப்பில் வைத்துத் தினமும் 115 கிராம் உலர் பீன்ஸ் சமைத்துக் கொடுத்தபோது மொத்தக் கொலஸ்டிரால் 19 சதவீதமும், எல்டிஎல் ஏறக்குறைய கால் பங்கும் இறங்கின. கண்காணிப்பில் வைத்துக் கிடைத்த அந்தப் பலன் வீட்டில் கிடைப்பதில்லை. 2014இல் கனடாவில் 26 ஆய்வுகளையும் 1,037 பேரையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 5 சதவீதம் குறைந்திருந்தது. டெசிலிட்டருக்கு 6, 7 மில்லிகிராம். கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும். சுண்டல் சாப்பிடுகிறேன், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று சித்தி கேட்டபோது இந்த இரண்டு எண்களையும் சொன்னேன், மாத்திரை தொடர்கிறது. நம்மவர்களிடம் அதிகமாகக் கெட்டுக்கிடப்பது இரத்தத்தின் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு, அதோடு நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் குறைவு. டிரைகிளிசரைடைப் பயறு நேரடியாகப் பெரிதாகத் தொடுவதில்லை. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்குவதால் அது ஏறுகிறது. அங்கேயும் பலன் தருவது வெளியே போன சோறுதான். கோவில் சுண்டல் பாணியில் தேங்காய்த் துருவலை அள்ளிப் போடுவதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு. சித்தி இதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

வாயுவும் வேறு சில எச்சரிக்கைகளும்

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி வாயுவைப் பற்றியது. பயறில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் நொதி நம் குடலில் இல்லை, பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரையும், மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும்படி தடுப்பதால், மிச்சத்தைப் பெருங்குடலுக்கு அனுப்பி இதே வாயுவைத்தான் உண்டாக்குகிறது. மாத்திரையில் வரும் வாயுவைப் பக்கவிளைவு என்று பொறுத்துக்கொள்கிறவர்கள் கடலையில் வந்தால் 'எனக்கு ஒத்துக்காது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவைப்பதும், முதல் வாரம் கால் கிண்ணத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும் பெரும்பாலானோருக்குப் போதும். யூரிக் அமிலத்துக்குப் பயந்து பயறை விடுகிறவர்களும் உண்டு. 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று, 2004இல், இறைச்சியும் கடல் உணவும் கீல்வாதத்தைக் கூட்டுவதையும், யூரிக் அமிலமாக மாறும் பியூரின் உள்ள தாவர உணவுகள் கூட்டாததையும் காட்டியது.

உண்மையிலேயே கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால், பழைய சோற்றுக்கென்று எழுதிய மருந்தளவு அதிகமாகிச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். இரண்டாவது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்து இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. பயறில் இரண்டுமே அதிகம். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர், சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் தினமும் ஒரு கிண்ணம் கடலை என்று இறங்கக் கூடாது.

நியாயவிலைக் கடை விகிதம்

சித்தியின் டம்ளரை நான் குறைசொல்லவில்லை. அந்த விகிதம் அவர் சமையலறையில் பிறந்ததன்று. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். நான்கு பேர் உள்ள அட்டைக்கு மாதம் 20 கிலோ அளவுக்குக் கிடைக்கிறது. துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு நாளைக்கு 160 கிராமுக்கு மேல் அரிசி, எட்டு கிராம் பருப்பு. இதுவும் தமிழ்நாடு 2007இலிருந்து சொந்தச் செலவில் நடத்துவதால் கிடைப்பது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியத்தோடு நின்றுவிட்டது, பருப்பை அது உரிமையாக்கவே இல்லை. பசியை ஒழிப்பதற்காக வகுத்த விகிதம் அது, அந்த வேலையை அது செய்தும் முடித்தது. இன்று அதே அட்டையை நீட்டி வரிசையில் நிற்பவர்களின் பையில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கான சீட்டும் இருக்கிறது. தட்டைப்பயறும் கொள்ளும் கருப்புக் கொண்டைக்கடலையும் பெரும்பாலான மாதங்களில் துவரம்பருப்பை விட மலிவாகவே விற்கின்றன. முதல் இரண்டும் நம் மானாவாரி நிலத்திலேயே விளைகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றை மாதம் இரண்டு கிலோ அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிதாக ஓர் ஆய்வும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.